டிஸெபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டால் எந்த வழி? மேல்முறையீடு, மறு மெடிக்கல் போர்டு, தீர்ப்பாயம்: ஓர் ஒப்பீடு

படையிலிருந்து வெளியே வந்த சில மாதங்களில், உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வரும். உங்கள் உடல் குறைபாடு படைப்பணியால் வந்ததும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை, ஆகவே டிஸெபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று அதில் இருக்கும். ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கீழே ஒரு வரி. இதைப் படித்த பலர் கடிதத்தை டிஸ்சார்ஜ் புக்கோடு சேர்த்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். சிலர் யாரோ கொடுத்த நம்பரில் ஒரு வக்கீலைப் பிடித்து, உடனே கேஸ் போடச் சொல்கிறார்கள். இரண்டிலும் பணம் போகும். முதலாவதில் மாதாமாதம் போகும். இரண்டாவதில், வேறு மேஜைக்குப் போக வேண்டிய விஷயம் நீதிமன்றத்தில் ஓராண்டு கிடந்துவிட்டுத் திரும்பி வரும்.

உங்கள் முன் இருக்கும் வழிகள் நான்கு. மேல்முறையீடு, மறு மெடிக்கல் போர்டு, சதவீதத்தை உயர்த்தி நிர்ணயிக்கக் கேட்கும் மனு, ஆயுதப்படைத் தீர்ப்பாயம். நான்கும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைத்துத் தேர்ந்தெடுப்பதில்தான் தவறு தொடங்குகிறது. உங்கள் கோரிக்கை எந்தக் கேள்வியில் தோற்றது என்பதைப் பொறுத்து வழி மாறும். அதைக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. மெடிக்கல் போர்டின் தாளைப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்தத் தாள்

பணிவிடுப்பின்போது நடந்த மெடிக்கல் போர்டின் நடவடிக்கைகள் ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 என்ற படிவத்தில் பதிவாகின்றன. அதன் நகல் கையில் இல்லாமல் எந்த வழியிலும் இறங்காதீர்கள். கொடுக்கவில்லை என்றால் ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். கட்டணம் ரூ.10, நகலுக்குப் பக்கத்துக்கு ரூ.2, பதில் தர 30 நாள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, இ.எம்.இ. என்றால் செகந்திராபாத், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், விமானப்படை என்றால் புதுடெல்லி சுப்ரதோ பார்க். ஒரே விண்ணப்பத்தில் மூன்று தாள்களைக் கேளுங்கள்: ஏஎஃப்எம்எஸ்எஃப்-16, படையில் சேர்ந்தபோது நடந்த முதல் மருத்துவப் பரிசோதனை அறிக்கை, காயமாக இருந்தால் ஐஏஎஃப்ஒய்-2006 என்ற காய அறிக்கை. மருத்துவ வகை குறைக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் போட்ட ஏஎஃப்எம்எஸ்எஃப்-15 இருந்தால் இன்னும் பலம்.

பென்ஷன் இல்லாமல் வெளியேறியவரின் பணி ஆவணங்கள் 25 ஆண்டுக்குப் பின் அழிக்கப்படும். உங்களுக்கு அந்த நிலை என்றால் விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்புங்கள்.

தாள் வந்ததும் போர்டின் கருத்து எழுதப்பட்ட பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு நோய்க்கும் எதிரே கட்டங்கள் இருக்கும். பணியால் ஏற்பட்டதா, ஆம் அல்லது இல்லை. பணியால் மோசமானதா, ஆம் அல்லது இல்லை. காரணம் எழுத ஒரு கட்டம். பணியில் சேரும் முன்பே இருந்ததா என்று தனியே ஒரு கேள்வி. அதற்குப் பின் சதவீதம், பல நோய்கள் இருந்தால் கூட்டு மதிப்பீடு, கடைசியில் 'பென்ஷனுக்குத் தகுதியான நிகர மதிப்பீடு'. பலர் ஏமாறுவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். முன் கட்டத்தில் 30 சதவீதம், வாழ்நாள் முழுதும் என்று இருக்கும். நிகரக் கட்டத்தில் 'நில்' (Nil), அதாவது ஒன்றுமில்லை என்று இருக்கும். 30 சதவீதம் என்று பார்த்ததும் பென்ஷன் வரும் என்று காத்திருப்பார்கள். வராது, ஏனென்றால் நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று இரண்டு வரி மேலே எழுதிவிட்டார்கள்.

ஆக, கோரிக்கை தோற்கக்கூடிய இடங்கள் மூன்று. காரணம், சதவீதம், நிர்ணயம். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்றால் காரணத்தில் தோற்றிருக்கிறீர்கள். தொடர்பு உண்டு, ஆனால் 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் சதவீதத்தில். இரண்டும் சரியாக இருந்து, விதிப்படி உயர்த்தாமல் 30 சதவீதத்துக்கே பணம் வந்துகொண்டிருந்தால் நிர்ணயத்தில்.

எவ்வளவு பணம், ஒரு கணக்கு

வழிகளை ஒப்பிடும் முன் எதற்காகப் போராடுகிறோம் என்று தெரிய வேண்டும். டிஸெபிலிட்டி எலிமென்ட், அதாவது இந்தப் பென்ஷனில் ஊனத்துக்காகத் தரும் பகுதி, நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். குறைந்தால் அந்த விகிதத்தில் குறையும். ஏழாவது ஊதியக் குழு இதைத் தரவாரியான நிலைத்தொகையாக மாற்றப் பரிந்துரைத்தது. 2017 மே மாதம் மத்திய அமைச்சரவை சதவீத முறையே தொடரும் என்று முடிவெடுத்தது.

கடைசிச் சம்பளம் ரூ.40,000 என்று வையுங்கள். நூறு சதவீதத்துக்கு ரூ.12,000. உங்களுக்கு 30 சதவீதம் என்றால் ரூ.3,600. இங்கேதான் பிராட் பேண்டிங், அதாவது சதவீதத்தை அடுத்த படிக்கு உயர்த்திக் கணக்கிடும் முறை, வருகிறது. 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதப்படி, 50-க்குக் கீழே இருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 என்றும், 76-க்கு மேல் இருந்தால் 100 என்றும் கொள்ள வேண்டும். 30 சதவீதக்காரருக்கு ரூ.3,600 இல்லை, ரூ.6,000. இதன் மேல் அகவிலை நிவாரணம் தனி. பணி ஓய்வூதியத்துக்கு மேல் கிடைப்பது இது. நோயால் நடுவிலேயே வெளியேற்றப்பட்டவருக்கு பணிக்காலத்துக்கான பகுதியான சர்வீஸ் எலிமென்டும் சேர்ந்து வரும், அதற்குக் குறைந்தபட்சப் பணிக்கால நிபந்தனை கிடையாது.

போர், எல்லை நடவடிக்கை, கண்ணிவெடி, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை போன்றவற்றில் காயம் என்றால் அது 'இ' (E) வகை. அதற்குப் பெயரே வேறு, போர்க்காய ஓய்வூதியம். பணியில் தொடர்ந்து பின் ஓய்வு பெற்றவருக்கு நூறு சதவீதத்துக்கு 30-க்குப் பதில் 60 சதவீதம். 'இ' வகையில் வர வேண்டிய காயத்தை சாதாரண விபத்தான 'சி' (C) வகையில் போட்டிருந்தால் பாதித் தொகை போய்விடும். இந்த எழுத்தையும் தாளில் தேடிப் பாருங்கள்.

மேல்முறையீடு: யாருக்குப் பொருந்தும்

காரணத்தில் தோற்றவர்களுக்கு முதல் வழி இது. முதல் மேல்முறையீட்டை விசாரிப்பது முதல் மேல்முறையீட்டுக் குழு. அங்கே தோற்றால் ஓய்வூதியத்துக்கான இரண்டாம் மேல்முறையீட்டுக் குழு. ஒவ்வொன்றுக்கும் மறுப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து ஆறு மாத அவகாசம். ஜவான், ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷண்ட் ஆபீஸர்) என்றால் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக அனுப்ப வேண்டும். வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை. அதனால்தான் பலர் இதை அலட்சியமாக ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புகிறார்கள். 'நான் 17 ஆண்டு உழைத்தேன், கருணை காட்டுங்கள்' என்ற மனுவில் குழு பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அதே மொழியில் மறுப்பு திரும்பி வரும்.

மனு நிற்க வேண்டியது நான்கு விஷயங்களில். சேரும்போது உடல் நலமாக இருந்தது, முதல் பரிசோதனை அறிக்கையில் இந்த நோய் பற்றிக் குறிப்பு இல்லை. நோய் எப்போது, எந்த யூனிட்டில், எந்த ஊரில் கண்டறியப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எங்கெங்கே பணி: உயரமலை, எதிர்-தீவிரவாதப் பகுதி, களப்பணி, தேதிகளோடு. போர்டு காரணக் கட்டத்தில் என்ன எழுதியது, அது ஏன் போதாது. நான்காவதுதான் உயிர். 'அமைதிப் பகுதியில் தொடங்கியது' என்ற ஒற்றை வரி மட்டும் அந்தக் கட்டத்தில் இருந்தால், அதை அப்படியே மேற்கோள் காட்டி, நோய் ஏன் பணியோடு தொடர்பற்றது என்ற மருத்துவக் காரணம் எழுதப்படவில்லை என்று சொல்லுங்கள்.

இதற்குச் சட்டத்தின் ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. 2013-ல் தர்மவீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: சேரும்போது நோய் குறித்துப் பதிவு இல்லையென்றால் வீரர் நலமாக இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தொடர்பில்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது, ஐயத்தின் பலன் வீரருக்கு. 2015-ல் ராஜ்பீர் சிங் வழக்கு அதை உறுதி செய்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம், அமைதிப் பகுதியில் நோய் தொடங்கியது என்பது மட்டும் மறுக்கப் போதாது, போர்டு காரணம் எழுத வேண்டும் என்றது. அது சர்க்கரை நோய் பற்றிய வழக்கு. அதே ஆண்டு மே மாதம் மனநோய் பற்றிய வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் காரணம் எழுதாத போர்டுக் கருத்தை ஏற்க மறுத்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தர்மவீர் சிங் தீர்ப்பு 1982-ம் ஆண்டின் தகுதி விதிகளை வைத்து எழுந்தது. 2008-ல் விதிகள் மாறின, 2023-ல் மறுபடி மாறின. 2023 செப்டம்பர் 21 முதல் வெளியேறுபவர்களுக்குப் புதிய விதிகள். பணிக்காலத்தை முடித்து வெளியேறுபவருக்கு அதில் கிடைப்பதன் பெயரும் டிஸெபிலிட்டி எலிமென்ட் இல்லை, 'இம்பேர்மென்ட் ரிலீஃப்'. உங்கள் வெளியேறும் தேதி எந்த விதியின் கீழ் வருகிறது என்று முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். நண்பருடைய 2005-ம் ஆண்டு மனுவை நகலெடுத்துப் பெயரை மாற்றி அனுப்பினால், பொருந்தாத விதியை வைத்து வாதாடியவராகிவிடுவீர்கள்.

இதய நோய்க்காரர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. மாரடைப்பு வந்தவரின் கோரிக்கையில், அதற்கு முந்தைய 14 நாள் என்ன வேலை செய்தார் என்ற அட்டவணையை யூனிட்டிடமிருந்து வாங்குவார்கள். அது பெரும்பாலும் 'வழக்கமான பணி' என்ற இரண்டு சொல்லோடு வரும். மறுப்பின் வேர் அங்கே இருக்கும். அந்த 14 நாளில் ரோந்து, இரவுக் காவல், பயிற்சி முகாம், கான்வாய் ஏதாவது இருந்திருந்தால் நாள்வாரியாக எழுதி, உடன் பணியாற்றியவரின் சான்றையும் இணையுங்கள்.

விபத்து வழக்கில் கேள்வி வேறு: அந்த நேரத்தில் 'பணியில்' இருந்தாரா? விடுப்பில் ஊருக்குப் போகும் வழியிலும், திரும்பும் வழியிலும் நடந்தால் பணியாகக் கொள்ள விதி இடம் தருகிறது. விடுப்பில் வீட்டில் இருந்தபோது மாடியிலிருந்து விழுந்தால் தருவதில்லை. ரயில் டிக்கெட், விடுப்புச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை மூன்றிலும் தேதியும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். காய அறிக்கையில் கமாண்டிங் ஆபீஸர் என்ன எழுதினார் என்பது பின்னால் எந்த மருத்துவர் எழுதுவதையும்விடக் கனமானது.

மறு மெடிக்கல் போர்டு: கவனமாகப் போக வேண்டிய வழி

நிரந்தரம் என்று ஒருமுறை மதிப்பிட்ட சதவீதம் வாழ்நாளுக்கும் செல்லும். நீங்களாகக் கேட்டால் ஒழிய மறுபரிசோதனை இல்லை. 2001-ம் ஆண்டுக் கடிதம் தந்த பெரிய பாதுகாப்பு இது. நீங்களாகக் கேட்கும்போது அந்தப் பாதுகாப்பை நீங்களே கழற்றி வைக்கிறீர்கள். போர்டு உயர்த்தவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம்.

கேட்கலாமா வேண்டாமா என்பதை பிராட் பேண்டிங் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். உங்கள் மதிப்பீடு 30, நோய் முற்றி இப்போது 40 ஆகலாம் என்று மருத்துவர் சொல்கிறார். போகாதீர்கள். 30-க்கும் 50 சதவீதப் பணம்தான், 40-க்கும் அதே 50 சதவீதப் பணம்தான். போய் 15 என்று எழுதிவிட்டால் எல்லாம் போகும். மதிப்பீடு 40, இப்போது 50 ஆகும் என்றால் கதை வேறு. சரியாக 50 தொட்டாலே 75 சதவீதப் பணம். நம் கணக்கில் ரூ.6,000 ரூ.9,000 ஆகிறது. 20-லிருந்து 40 போவதில் பைசா லாபமில்லை, 40-லிருந்து 50 போவதில் மாதம் மூவாயிரம். இந்த விளிம்புகள் தெரியாமல் மறு போர்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் நிறைய.

பணிக்காலத்தை முடித்து வெளியேறியவர், தொடர்பு ஏற்கப்பட்டு, 15 அல்லது 19 சதவீதம் என்று நிற்கிறார் என்றால் அவருக்கு மறு போர்டுதான் வழி. 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பணி முடித்தவருக்கு 20-க்குக் கீழே டிஸெபிலிட்டி எலிமென்டும் இல்லை, அதை 50 ஆக உயர்த்திக் கேட்கவும் முடியாது. அந்தக் கேள்வியோடு தீர்ப்பாயத்துக்குப் போய்ப் பயனில்லை. நோய் மோசமாகியிருந்தால் ராணுவ மருத்துவமனை, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.ஹெச்.எஸ். பரிந்துரைத்த மருத்துவமனை ஆகியவற்றின் சிகிச்சைத் தாள்களைத் தொடர்ச்சியாகச் சேர்த்து, ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகக் கேளுங்கள். ஒரே நாளில் எடுத்த ஒரு ஸ்கேனைவிட, மூன்று ஆண்டுகளின் ஓ.பி. சீட்டுகள் அதிகம் பேசும்.

நோயைக் காரணம் காட்டிப் படையே நடுவில் வெளியேற்றியவருக்கு இந்த 20 சதவீதத் தடை அப்படியே பொருந்தாது. 2014-ல் சுக்வீந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரை வெளியேற்றும் அளவுக்கு நோய் இருந்தால் அது 20-க்கு மேல் என்றே கொள்ள வேண்டும், 50 சதவீதமும் தர வேண்டும் என்றது. இவர் மறு போர்டுக்குப் போகத் தேவையில்லை. மேல்முறையீடும் தீர்ப்பாயமும்தான் இவர் பாதை.

நிர்ணயம் மட்டும் பிரச்சினை என்றால்

இது எளிய வழி, சீக்கிரம் சொல்லிவிடலாம். உங்கள் பி.பி.ஓ.வில் (ஓய்வூதியம் வழங்கும் உத்தரவு) டிஸெபிலிட்டி எலிமென்ட் 50, 75, 100 தவிர வேறு எண்ணில் இருந்தால் நிர்ணயம் விடுபட்டிருக்கிறது. முதலில் பிராட் பேண்டிங் பலன் நோயால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்று அரசு சொன்னது. 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில், பணிக்காலத்தை முடித்தவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. ரெக்கார்ட் ஆபீஸுக்கும், தரைப்படை என்றால் பிரயாக்ராஜில் உள்ள பி.சி.டி.ஏ. பென்ஷன் அலுவலகத்துக்கும் ஒரு பக்க மனு, பி.பி.ஓ. நகல், ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 நகல். பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷில் குறைதீர்ப்புப் பதிவும் போட்டு அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். ஆறு மாதம் பதில் இல்லையென்றால் தீர்ப்பாயத்தின் கதவு திறக்கும்.

ஆயுதப்படைத் தீர்ப்பாயம்

2007-ம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 2009-ல் இயங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்காரர்கள் போக வேண்டியது சென்னைக் கிளை. பணியை விட்டவர் தான் வசிக்கும் இடத்துக்குரிய கிளையிலேயே மனுப் போடலாம், கடைசி யூனிட் இருந்த ஊருக்கு ஓட வேண்டாம். மனுவுக்கு ஓ.ஏ. (ஒரிஜினல் அப்ளிகேஷன்) என்று பெயர். நீங்களே நேரில் வாதாடவும் சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் காரணம் பற்றிய வழக்கில் படைத்துறைச் சட்டம் தெரிந்த வக்கீலை வைப்பதே நல்லது. எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப்., கடலோரக் காவல் படையினருக்கு இந்தத் தீர்ப்பாயம் கிடையாது. அவர்கள் உயர் நீதிமன்றம் போக வேண்டும்.

சட்டத்தின் 21-ம் பிரிவு, துறைக்குள் இருக்கும் வழிகளை முடித்துவிட்டு வரச் சொல்கிறது. மேல்முறையீடு போட்டு ஆறு மாதம் பதில் இல்லையென்றால் முடித்ததாகவே பொருள். 22-ம் பிரிவு, இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதத்துக்குள் வரச் சொல்கிறது, தாமதத்தை மன்னிக்கவும் இடம் தருகிறது. இரண்டாம் மேல்முறையீட்டைப் போடாமல், முதலாவது முடிந்ததும் வரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி வந்த வழக்குகள் ஏற்கப்பட்டிருக்கின்றன, ஆனால் எதிர்த்தரப்பு முதல் நாளே அதை ஆட்சேபமாக எழுப்பும். உங்கள் வழக்கு காரணத்தைப் பற்றியது, தீர்ப்புகள் உங்கள் பக்கம் தெளிவாக உள்ளன என்றால் இரண்டாவதையும் போட்டுவிட்டு ஆறு மாதத்தைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மனு போட்ட தேதி, அஞ்சல் பதிவு எண், ஒப்புகை அட்டை மூன்றும் ஓ.ஏ.வில் இணைப்பாகப் போகும்.

மேல்முறையீட்டுக் குழு கொடுக்க முடியாத மூன்று விஷயங்களைத் தீர்ப்பாயம் கொடுக்கும். போர்டின் கருத்தைச் சட்டத்தின் அளவுகோலில் வைத்து ரத்து செய்யும். தேவைப்பட்டால் புது மெடிக்கல் போர்டு நடத்த உத்தரவிடும். குறித்த காலத்துக்குள் பணம் தராவிட்டால் வட்டி என்று எழுதும். கொடுக்காதது ஒன்று: சதவீதத்தைத் தானே மருத்துவராக உட்கார்ந்து மாற்றாது.

இப்போது காலம். ஆண்டுகள் பல கடந்துவிட்டன, இனி முடியாது என்று நினைப்பவர்களும், எப்போது போனாலும் எல்லாம் கிடைக்கும் என்று நினைப்பவர்களும் சமமாகத் தவறு செய்கிறார்கள். 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு, அதனால் தாமதமாக வந்தாலும் கதவை மூட முடியாது என்றது. கூடவே, நிலுவைத் தொகை வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கு மட்டும் என்றும் வரையறுத்தது. தீர்ப்பாயங்கள் பரவலாக இந்த அளவையே பிடிக்கின்றன. நம் ரூ.6,000 கணக்கில், வெளியேறி 10 ஆண்டு கழித்து வழக்குப் போடுபவர் 7 ஆண்டின் தொகையை, அதாவது 84 மாதம், ரூ.5,04,000-ஐ அகவிலை நிவாரணம் சேர்க்காமலே இழக்கிறார். இனி வரும் பென்ஷன் அவருக்கு நிச்சயம் உண்டு. கடந்த ஏழு ஆண்டு திரும்பாது. வெளியேறி இன்னும் மூன்று ஆண்டு ஆகாதவர் இரண்டு மேல்முறையீட்டையும் நிதானமாக முடிக்கலாம். மூன்று ஆண்டைத் தாண்டியவருக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு மாதத்துப் பணம் கரைகிறது, ஆகவே அவர் மனுவைப் போட்டு ஆறு மாதம் முடிந்த மறுநாளே தீர்ப்பாயத்தில் இருக்க வேண்டும்.

தோற்றால் என்ன? உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போக, பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டக் கேள்வி இருக்கிறது என்ற அனுமதி வேண்டும். அது ஒரு தனி மனிதரின் பென்ஷனில் அரிதாகவே அமையும். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்று தெளிவுபடுத்தியது. சென்னை உயர் நீதிமன்றம் இப்போது உண்மையான அடுத்த படி. அதே கதவு அரசுக்கும் திறந்திருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் ஜெயித்த பிறகு அரசு அங்கே போகலாம்.

ஜெயித்த பிறகும் பணம் தானாக வராது. உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, ஆதார், பி.பி.ஓ., வங்கி விவரத்தோடு ரெக்கார்ட் ஆபீஸுக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். திருத்திய பி.பி.ஓ. வந்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: தொடங்கும் தேதி, நிர்ணயித்த சதவீதம், 'வாழ்நாள்' என்ற சொல். சில பி.பி.ஓ.க்களில் 'மேல்முறையீட்டின் முடிவுக்கு உட்பட்டு' என்ற நிபந்தனை இருக்கும். அரசு மேலே போயிருக்கிறது அல்லது போகலாம் என்று அதற்குப் பொருள். அந்தப் பணத்தை மொத்தமாகச் செலவழிக்கும் முன் வழக்கின் நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். உத்தரவில் குறித்த காலம் முடிந்தும் வரவில்லையென்றால் அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்ற மனுப் போட வேண்டும்.

இன்னும் பணியில் இருப்பவருக்கு ஒரு தேர்வு

பணியால் வந்த ஊனம் 20 அல்லது அதற்கு மேல், ஆனாலும் படையில் தொடர்கிறார் என்றால் அவர் முன் ஒரு படிவம் வரும். இப்போதே மொத்தத் தொகை வாங்கிக்கொள்ளலாம், அல்லது ஓய்வுக்குப் பின் மாதாமாதம் டிஸெபிலிட்டி எலிமென்ட் வாங்கலாம். மொத்தத் தொகைக்குக் கையெழுத்திட்டால் அந்த ஊனத்துக்கு மாதப் பணம் பின்னால் கிடையாது, திரும்பப் பெறவும் முடியாது. வீட்டுக் கடனை அடைக்க வேண்டிய அவசரத்தில் போடும் கையெழுத்து இது. 35 வயதுக்காரர் 40 வயதில் வெளியேறி 75 வரை வாழ்ந்தால், அகவிலை நிவாரணத்தோடு ஏறிக்கொண்டே போகும் 35 ஆண்டு வருமானத்தை விற்கிறார். உயிருக்கு ஆபத்தான நோய், ஆயுள் குறைவு என்று மருத்துவரே சொன்னால் தவிர மாதப் பணத்தையே எடுங்கள் என்பது எங்கள் கருத்து.

விருப்ப ஓய்வில் வந்தவர்கள் தங்களுக்கு உரிமையே இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2006 ஜனவரி 1-க்குப் பின் விருப்ப ஓய்வில் வெளியேறியவருக்கும் டிஸெபிலிட்டி எலிமென்ட் உண்டு. 2009 செப்டம்பர் 29 தேதியிட்ட அமைச்சகக் கடிதம் அதைச் சொல்கிறது. இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மறுத்திருந்தால் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு மனுப் போட்டாலே பாதி வேலை முடியும்.

யாரிடம் போவது, யாரை ஒதுக்குவது

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுதவும், ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பவும் உதவுவார்கள், காசில்லாமல். கிடைக்கும் நிலுவையில் 20 சதவீதம், 30 சதவீதம் என்று பங்கு பேசுபவர்கள் கிராமங்கள் வரை வருகிறார்கள். வழக்கின் பலனில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படி வக்கீலுக்குத் தடை செய்யப்பட்டது. பங்கு கேட்பவர் ஒன்று வக்கீலே இல்லை, அல்லது விதியை மீறுகிற வக்கீல். கட்டணத்தை முதலிலேயே நிலைத்தொகையாகப் பேசி, ரசீது வாங்குங்கள். ஸ்பர்ஷ் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் யாருக்கும் போகக் கூடாது. வங்கிக் கணக்கை மாற்றும் வசதி அதற்குள்தான் இருக்கிறது. அசல் டிஸ்சார்ஜ் புக்கையும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

மனைவிக்கு இந்தத் தாள்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். வழக்கு நடக்கும்போது வீரர் இறந்துவிட்டால், இறந்த தேதி வரையிலான நிலுவைக்காக மனைவி சட்டப்படியான வாரிசாகத் தன் பெயரைச் சேர்த்து வழக்கைத் தொடரலாம். அதற்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பி.பி.ஓ.வில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் தன் பெயர் கொண்ட ஆதார் மூன்றும் வேண்டும். டிஸ்சார்ஜ் புக்கில் 'லட்சுமி' என்றும் ஆதாரில் 'மகாலட்சுமி' என்றும் இருந்தால், அதை வீரர் உயிரோடு இருக்கும்போதே பணி ஆவணத்தில் மாற்றத்தைப் பதியும் 'பகுதி இரண்டு உத்தரவு' மூலம் ரெக்கார்ட் ஆபீஸில் திருத்தி வைப்பது ஒரு மனுவோடு முடிகிற வேலை. பிறகு செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.